ஒயின் என்னுடையது, மூக்கு அவளுடையது

ஒயினைப் பற்றிப் பேச எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. திருவனந்தபுரத்தில், சாலை என்கிற கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலையில், பெயிண்டும் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிறவன் நான். இருந்தாலும் பேசுவேன். பத்து வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் ஒரு கிளாஸ் குடித்துவருகிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் பிறகு என்னதான் இருக்கிறது?

ஆரம்பம் கோவாவில். ஒரு பெயிண்ட் கம்பெனி, நன்றாக விற்றுக்கொடுத்த கடைக்காரர்களையெல்லாம் மூன்று நாள் அங்கே கூட்டிப்போனது. கடைசி நாள் சாயங்காலம், ஓட்டலில், கோட்டு போட்ட ஒருவர் ஆளுக்கு ஐந்து கிளாஸ் வரிசையாக வைத்து, சுழற்றுங்கள், முகருங்கள், வாயில் வைத்து உருட்டுங்கள், பிறகு இந்தக் கிண்ணத்தில் துப்பிவிடுங்கள் என்றார். எங்களில் ஒருவர்கூடத் துப்பவில்லை. அவர் கவலைப்பட்டுக் கிண்ணத்தை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்டிப் பார்த்தார். கம்பெனி செலவில் வாய்க்குள் போனதை வெளியே விட யாருக்கும் மனசு வரவில்லை. பிராந்தியும் விஸ்கியும் எனக்கு ஏன் ஒருநாளும் ஒத்துவரவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவற்றில் ஓர் அவசரம் இருக்கிறது. காலையிலிருந்து கடையில் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்பதையே கேட்கிறவனுக்கு, சாயங்காலம் மெதுவாகக் குடிக்கிற ஒன்றுதான் தேவைப்பட்டது.

என் அபிப்பிராயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் அவரவர் பணத்தில் அவரவருக்குப் பிடித்ததை வாங்கிக் குடிக்கலாம், எனக்கு வருத்தமில்லை.

சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்திலேயே குடிக்க வேண்டும் என்கிறார்களே, அது யார் வீட்டு அறை? மார்ச் மாதம் மத்தியானம் என் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டு அப்புறம் சொல்லட்டும். நான் சிவப்பையும் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் எடுப்பேன். திருகுமூடி போட்ட புட்டியை மட்டமாக நினைக்கிறவர்கள் உண்டு. முப்பது வருடமாக மரை வெட்டிய சாமான்களை விற்கிறவனாகச் சொல்கிறேன், ஒழுங்காக மரை பிடித்த மூடியை நம்பலாம். மரப்பட்டைத் தக்கையை நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எவர்சில்வர் டம்ளரில் ஒயின் குடிக்கக் கூடாது. குடித்துப் பார்த்திருக்கிறேன், ஆறிப்போன ரசம் மாதிரி இருந்தது.

வெள்ளை ஒயினுக்கு ஏற்ற துணை, சாலைக் கடைத்தெருவில் கண் முன்னாலேயே எண்ணெயிலிருந்து அரித்துத் தரும் நேந்திரங்காய் வறுவல். சீஸ் வைத்துச் சாப்பிடுகிறவர்கள் இதை ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்தால் பிறகு அந்தப் பக்கம் போக மாட்டார்கள். சிவப்புக்குப் பருப்புவடை. சாம்பார் சாதத்தோடு எதுவுமே சேராது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் அடுத்த வீட்டிலிருந்து கேக்கோடு ஒரு சின்னப் புட்டி வருமே, ஜாடியில் திராட்சையும் சீனியும் போட்டு வீட்டிலேயே செய்தது, அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கூடாது. ‘அசலாயிட்டுண்டு’, பிரமாதம் என்று சொல்லிக் குடித்துவிட வேண்டும்.

தேர்ந்தெடுப்பது எப்படி என்று நண்பர்கள் கேட்பார்கள். கேரளத்தில் ஒயின் வேண்டுமென்றால் அரசாங்கக் கடைக்குத்தான் போக வேண்டும். நான் போவது, உள்ளே நுழைந்து நாமே எடுத்துக்கொள்கிற மாதிரியான கடை. அங்கே ஒயினெல்லாம் கடைசி மூலையில், யாரும் போகாத இடத்தில் இருக்கும். முதல் தடவை அந்த மூலையில் நின்று லேபிள்களைப் படித்துக்கொண்டிருந்தபோது பணியாளர் ஒருவர் அக்கறையோடு வந்தார்.

“கேக் உண்டாக்கானோ சேட்டா?”

கேக் செய்வதற்கில்லை, குடிப்பதற்குத்தான் என்றேன்.

“ஆருக்கு?”

எனக்கு என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாவம் ஏதோ நோயாளி என்று நினைத்தாரோ என்னவோ, தோளில் தட்டிவிட்டுப் போனார்.

போகப்போக எனக்கு ஒரு வழி பிடிபட்டது. லேபிளில் கோட்டையோ குதிரையோ கிரீடமோ இருந்தால் எடுக்க மாட்டேன். பின்பக்கம் பொடி எழுத்தில் நிறையப் புகழ்ந்திருந்தாலும் எடுக்க மாட்டேன். பெயிண்ட் டப்பாவிலும் அப்படித்தான், சரக்கு மோசமென்றால் எழுத்து கூடுதலாக இருக்கும். கழுத்தில் தூசி படிந்திருந்தால் வேண்டாம். மிச்சமிருப்பதில் நடுத்தர விலையில் ஒன்று. பில் போடும் வரிசையில் சாலைக் கடைக்காரர் யாராவது கட்டாயம் நிற்பார். ஒருவரையொருவர் பார்ப்பதில்லை என்பது எங்களுக்குள் எழுதாத ஏற்பாடு. மறுநாள் கடைத்தெருவில் சந்தித்தால், “நேத்து தம்பானூர்ப் பக்கம் ஒரு ஜோலி” என்று இரண்டு பேருமே கேட்காமலே சொல்லிக்கொள்வோம்.

இவ்வளவு சொன்னேனே, ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். ஒயினில் என்னென்ன வாசனை இருக்கிறது என்பது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. முகர்ந்தால் ஒயின் வாசனை வரும், அவ்வளவுதான். டர்பன்டைனையும் தின்னரையும் முப்பது வருடம் முகர்ந்த மூக்கு, அதனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

தெரிந்தவள் என் மனைவி. அவள் குடிக்க மாட்டாள், ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. கோவாவிலிருந்து வந்த முதல் சனிக்கிழமை, நான் கிளாஸைக் கையில் வைத்து அந்தக் கோட்டுக்காரர் மாதிரி சுழற்றிக்கொண்டிருந்தபோது, “இங்க தாங்க, பாப்பம்” என்று வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

“நாவல்பழம். கொஞ்சம் செருப்புக்கட” என்று சொல்லிக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வடையைப் புரட்டிப்போடப் போய்விட்டாள்.

குடித்துப் பார்த்தேன். நாவல்பழம் இருந்தது. செருப்புக்கடையும் இருந்தது. அவள் சொல்லும்வரை இரண்டுமே அங்கே இல்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை முதல் மோப்பம் அவளுக்கு என்று ஆகிவிட்டது. ஆரஞ்சுத் தோல் என்பாள், பழைய புளி என்பாள், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இருமல் மருந்து என்பாள். அவள் சொன்னபிறகு நான் குடிப்பேன், அது அப்படியே இருக்கும். நான் வெட்கமில்லாமல் இன்னொன்றும் செய்தேன். மாதம் ஒருமுறை நாங்கள் நாலு வியாபாரிகள் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். அங்கே அவளுடைய வார்த்தைகளை என் வார்த்தைகளாக எடுத்துவிடுவேன்.

“கொள்ளாமே! எங்கேருந்து ஓய் இதெல்லாம் படிச்சீரு?” என்று மெச்சுவார் நண்பர்.

பழகப்பழக வருவதுதான் என்று அடக்கமாகச் சொல்வேன். ஒயின் வாங்கும் முன்னால் எனக்குப் போன் போட்டுக் கேட்கிற அளவுக்கு என் பெயர் வளர்ந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மழைக்காலத்தில், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் இருந்துவிட்டுப் போனது, போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. முதலில் அவளுக்கே தெரியவில்லை. பெருங்காயம் மணக்கவில்லை என்று கடைக்காரரைப் போனில் பிடித்துத் திட்டினாள். காப்பிப்பொடியில் கலப்படம் என்றாள். மூன்றாம் நாள் பால் அடிப்பிடித்துக் கருகி வீடெல்லாம் நாறியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் அடுப்புக்கு இரண்டடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நரம்பு சமாச்சாரம், திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். தினமும் இரண்டு வேளை கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் நாலையும் முகர வேண்டும்; முகரும்போது அந்த வாசனை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கவும் வேண்டும். கற்பூரம், வினிகர் மாதிரி மூக்கில் சுரீரென்று ஏறுவதை வாசனை என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள், அது வெறும் எரிச்சல் என்றும் சொன்னார். மூன்று வாரம் செய்தாள். அப்புறம் கிராம்பை எடுத்து மசாலா டப்பாவிலேயே போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்து சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டென்று நகர்ந்துகொண்டாள். என்ன என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. நீங்க வந்து இருந்தா யாரோ வந்து இருக்க மாதிரி இருக்கு. கண்ண மூடினா நீங்கதானான்னு தெரியல்ல.”

சொல்லிவிட்டு அழுதாள். கருகிய பாலுக்கும் மணக்காத மல்லிகைக்கும் அழாதவள் அதற்கு அழுதாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். எனக்கென்று ஒரு மணம் உண்டென்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அது அவளிடம் இத்தனை நாள் இருந்து, இப்போது போய்விட்டது என்பதைக் கேட்டபோது உண்மையிலேயே பயந்துபோனேன். மறுநாள் காலை பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

கிராம்பு வேண்டாமென்றால் போகட்டும், சனிக்கிழமை ஒயினை முகர்ந்து பார் என்று சொன்னேன். அதற்கு ஒத்துக்கொண்டாள். கிளாஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “என்ன வருது, சொல்லுங்க” என்பாள். நான் வாசனையைச் சொன்னால்தானே அவள் அதை நினைத்துக்கொண்டு முகர முடியும்?

எனக்கு வந்தது ஒயின் வாசனை மட்டும். ஆகவே பொய் சொன்னேன். நாவல்பழம் என்றேன், ஆரஞ்சுத் தோல் என்றேன். வாரத்துக்கு ஒன்றாக மாற்றிமாற்றிச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, நான் சொன்ன பொய்யை நினைவுக்குக் கொண்டுவந்து, அவள் அமைதியாக முகர்ந்துகொண்டிருப்பாள். பிறகு தலையை ஆட்டி, “வரல்ல” என்று கிளாஸைத் திருப்பித் தருவாள். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வரும். உண்மையைச் சொல்லிவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் போய்விடுமே என்பதால் வாயைத் திறக்கவில்லை. மொட்டைமாடிக்குப் போவதையும் நிறுத்தினேன். வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

அந்தச் சனிக்கிழமைகள் மோசமாக இருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. நன்றாகத்தான் இருந்தன. மூக்கு போனபிறகு அவள் காதால் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். வறுவல் கடிபடும் சத்தத்தை வைத்தே எந்தக் கடையில் வாங்கினேன் என்று சொல்லிவிடுவாள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யும், அடுத்த வீட்டு நாய் குரைக்கும், அவள் தட்டைக் காலி செய்வாள், நான் கிளாஸைக் காலி செய்வேன். இதற்கு மேல் ஒரு சாயங்காலத்திடம் கேட்பது பேராசை என்று பல தடவை தோன்றியிருக்கிறது.

எங்கள் மகள் ஊருக்கு வடக்கே கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆபீஸ் வேலையாக வெளிநாடு போனவள் எனக்கு ஒரு புட்டி வாங்கிவந்தாள். “அப்பா, இது நல்ல சாதனமாக்கும், வெல கூடின சரக்கு. சும்மா பொட்டிச்சுக் குடிச்சிராதீங்க. வெச்சு, விசேஷத்துக்கு எடுங்க” என்றாள். நல்ல ஒயின் வைக்க வைக்கப் பழுக்கும் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் வீட்டில் எதையாவது பழுக்க வைக்க வேண்டுமென்றால் அதற்கு இடம் ஒன்றுதான், அரிசி டிரம். மாங்காய், சப்போட்டா, சீத்தாப்பழம் எல்லாம் அதற்குள்தான் பழுத்தன. ஒயினையும் கழுத்துவரை அரிசிக்குள் புதைத்துவைத்தேன்.

அரிசி அளக்கிற டம்ளர் தினமும் புட்டியில் போய் இடிக்கும். “ஒங்க மாங்கா இன்னும் பழுக்கல்லியா?” என்பாள் மனைவி. எட்டு மாதம் கழித்து மகள் ஒருநாள் சோறு வைக்கப் போய் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஒயினுக்குக் குளிர்ச்சி வேண்டுமாம், அரிசிக்குள் இருப்பது புழுக்கமாம். எடுத்துத் துடைத்து ஃபிரிட்ஜில் படுக்க வைத்தாள்.

இந்த வருடம் எங்கள் கல்யாண நாள் சனிக்கிழமையில் வந்தது. அதைத் திறப்பதென்று முடிவு செய்தேன். மேலே தக்கை. கடையிலிருந்து கொண்டுவந்த மரத்தில் முடுக்குகிற நீளமான திருகாணி ஒன்றை அதில் இறக்கி, குறடால் பிடித்து இழுத்தேன். நல்ல சத்தத்தோடு வந்தது. கிளாஸில் ஊற்றிச் சுழற்றி முகர்ந்தேன். ஒன்றும் புரியவில்லை. மகள் கடல் தாண்டித் தூக்கிவந்தது, மோசமாக இருக்க முடியுமா?

“ஆஹா! கறுத்த திராட்சை, ஏலக்காய். பின்னால கொஞ்சம் சந்தனம்” என்று சொல்லிக் கிளாஸை அவளிடம் கொடுத்தேன்.

கண்ணை மூடினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

“நனைஞ்ச சாக்கு” என்றாள்.

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். “சந்தனம்” என்று மறுபடியும் சொன்னேன், பிடிவாதமாக.

“சந்தனமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சாக்கு. மழைக்கு மறுநாள் கடத்தெருவுல எங்கப்பா அரிசிக்கடயத் தொறந்தா மூஞ்சில வந்து அடிக்குமே, அந்த நாத்தம். இது கெட்டுப் போச்சுங்க, குடிக்காதீங்க.”

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. எனக்கும் உறைத்தது. அவள் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து மறுபடி முகர்ந்தாள். அவசரத்தில் புடவையில் கொஞ்சம் சிந்தியது.

“வருது” என்றாள். “வருதுங்க.”

நான் வாங்கி முகர்ந்தேன். நனைந்த சாக்கு. அவள் சொன்னபிறகு அதில் வேறு எதுவுமே இல்லை. எரிச்சல் இல்லை, சுரீரென்று ஏறவில்லை, சாலைக் கடைத்தெருவின் சாக்கு நாற்றம் மட்டும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை விலை கொடுத்து வாங்கிய ஒயின் நாறிப்போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

“நான் இத்தன நாளும் சொன்னது எல்லாம்...” என்று ஆரம்பித்தேன்.

“பொய்யின்னு தெரியும்.”

“எப்படி?”

“நான் எப்பவோ சொன்னதத்தான திருப்பித் திருப்பிச் சொன்னீங்க? வெள்ள ஒயினுக்குப் போய் நாவல்பழம்னீங்க.”

“பின்ன ஏன் சும்மா இருந்த?”

“பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டு யோசிச்சுச் சொல்லுதீங்களேன்னுதான்” என்றாள்.

பிறகு வீட்டை ஒரு சுற்று சுற்றினாள். காப்பி டப்பாவைத் திறந்து முகர்ந்தாள், இல்லை. தலையிலிருந்த பூவை எடுத்து முகர்ந்தாள், இல்லை. காயம் இல்லை, சோப்பு இல்லை. திரும்பி வந்து கிளாஸை முகர்ந்தால் சாக்கு இருந்தது. கொட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மூன்று நாள் அந்தக் கிளாஸ் சாப்பாட்டு மேஜையில் தட்டால் மூடி இருந்தது, போகும்போதும் வரும்போதும் திறந்து பார்த்துக்கொண்டாள். அரிசி டிரம்மால்தான் கெட்டது என்று நான் நினைத்திருந்தேன். மகள் போனில் தேடிப் பார்த்து, சில புட்டிகளில் தக்கையிலிருந்தே வருகிற கோளாறு அது, அப்பா மேல் குற்றமில்லை என்றாள். தக்கையைப் பற்றி நான் எப்போதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

ஒவ்வொன்றாகத்தான் வரும், நாற்றம் முதலில் வந்தாலும் வரும் என்றார் டாக்டர். அப்படியே நடந்தது. குப்பைக்கூடை வந்தது. பத்து நாள் கழித்து மண்ணெண்ணெய் வந்தது. காயம் வந்த அன்று அவள் சந்தோஷத்தில் சாம்பாரில் மூன்று பங்கு போட்டாள், நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். நூற்றியெட்டுத் தேங்காயையும் போய் உடைத்துவிட்டு வந்தேன். அவள் மூக்குக்கு நான் மட்டும் வரவில்லை. சாயங்காலம் சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து, “வந்தேனா?” என்று கேட்பேன். என் தோளருகே குனிந்து பார்த்துவிட்டு, “இன்னும் இல்ல” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவாள். கேட்பதை ஒருநாள் நிறுத்திவிட்டேன்.

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கடைக்கு இரும்புச் சாமான் லோடு வந்தது, ஆள் குறைவு, நானும் சேர்ந்து இறக்கினேன். வேர்வையும் துருவுமாக வீட்டுக்கு வந்து அப்படியே சோபாவில் விழுந்தேன். அவள் டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மூக்கைச் சுளித்தாள்.

“யம்மா, என்ன நாத்தம்! எந்திரிச்சுப் போய்க் குளிச்சிட்டு வாங்க.”

நான் எழுந்திருக்கவில்லை. அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். டிவியை அணைத்தாள். பிறகு நகர்ந்து வந்து, அந்த அழுக்குச் சட்டையில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். போய்க் குளிக்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன், விடவில்லை.